முதுகு ஒட்டின ரெண்டு காளை

பாரசீகத்துல ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஒரு ராஜா இருந்தாரு. நம்ம கதையில அவருக்குப் பெருசா வேலை ஒண்ணும் இல்லீங்க. ஆனா ராஜா இல்லாமப் பழைய கதை ஆரம்பிச்சா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்களே, அதுக்காக வச்சிருக்கேன்.

அந்த ராஜாவுக்குத் தூணுன்னா உசுரு. அவரு கட்டுன மண்டபத்துல தூணு, தூணுக்குப் பின்னாடி தூணு, அதுக்கும் பின்னாடி தூணு. ஒவ்வொண்ணு உச்சியிலயும் ஒரே கல்லுல ரெண்டு காளை, முதுகோட முதுகு ஒட்டி, ஆளுக்கொரு திசையப் பாத்துக்கிட்டு இருக்கும். நடுவுல இருக்குற பள்ளத்துலதான் கூரையத் தாங்குற உத்திரம் உக்காரணும்.

கல்லுக்கு ரெண்டு சிற்பி. கடைசிக் கல்லு ரஷ்னுவுக்கும் அவன் தங்கச்சி புருஷன் மீத்ரக்குக்கும் வந்துச்சு. ஒரே ரொட்டியப் பிச்சுத் தின்ன மச்சானுங்க. ஒருநாள் மீத்ரக் செதுக்குன காளை மூக்கப் பாத்து, இதுக்குச் சளி புடிச்சிருக்கான்னு ரஷ்னு கேட்டான். உன் காளைக்கு அப்படியே உங்கப்பா முழின்னான் மீத்ரக். அவ்வளவுதான், பேச்சு நின்னுபோச்சு.

கல்லு ஆள் உசரத்துக்கும் மேல. அந்தப் பக்கம் இருக்குறவன் இந்தப் பக்கம் தெரிய மாட்டான். ரெண்டு பேரும் சுத்திப் போயி எட்டிக்கூடப் பாக்கல. தங்கச்சி வந்து ரெண்டு பக்கமும் ரொட்டிய வச்சுட்டு, இந்தக் கல்லுல மொத்தம் நாலு மாடுன்னு சொல்லிட்டுப் போனா.

தூண்ல ஏத்துறதுக்கு முன்னாடி, மேஸ்திரி தாதின் தரையிலயே உத்திரத்தை வச்சுப் பாத்தாரு. மீத்ரக் பக்கம் சாஞ்சுச்சு. ரஷ்னு தன் பக்கத்தைச் சீவினான், கூடப் போயிடுச்சு. ரெண்டாந்தரம் ரஷ்னு பக்கம் சாஞ்சுச்சு. மீத்ரக் சீவினான், கூடப் போயிடுச்சு. மூணாந்தரம் திரும்ப மீத்ரக் பக்கம் சாஞ்சுச்சு.

காளை முதுகு மெலிஞ்சே போச்சு. இன்னும் ஒரு சீவல்தான் தாங்கும். தப்பினா கல்லு பொளந்துடும்.

தாதின் ரஷ்னுவைத் தனியாக் கூப்பிட்டாரு. வருஷப் பிறப்புக்கு ராஜா வராரு, தப்பு மீத்ரக் மேலன்னு ஒரு வார்த்தை சொல்லு, அவனை மலைக்குக் கல்லு வெட்ட அனுப்பிட்டு உனக்கு வேற ஆளு தரேன்னாரு. அந்த மலைக்குப் போனவன் வீடு திரும்பினதா யாரும் கேள்விப்பட்டதில்ல.

ரஷ்னு வாயத் தொறந்தான். அவன் வாய்க்கு என்ன, அது எப்பவும் தயார். ஆனா அப்படி என்னதான் செதுக்கித் தொலைச்சிருக்கான்னு பாத்துட்டுச் சொல்லுவோம்னு கல்லைச் சுத்தி அந்தப் பக்கம் போனான்.

அங்க மீத்ரக் மட்டம் பாக்குற நூலோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தான். நூலுன்னா இந்த நுனிய ஒருத்தன், அந்த நுனிய இன்னொருத்தன் பிடிக்கணும். பிடிக்க ஆளில்ல. அதனால மறு நுனியத் தன் கால் கட்டைவிரல்ல கட்டி, அந்தக் காலைத் தூக்கிக் கல்லுல முட்டுக்கொடுத்து, ஒத்தக்கால்ல கொக்கு மாதிரி ஆடிக்கிட்டு நின்னான்.

ரஷ்னு மட்டும் என்ன யோக்கியம்? இத்தனை நாளும் அவன் நூல் நுனியப் பல்லால கடிச்சுக்கிட்டுல்ல மட்டம் பாத்தான்.

சிரிக்கக் கூடாதுன்னுதான் பாத்தான். முடியல.

"மச்சான், கால எறக்கு. அந்த நுனிய எங்கிட்டக் குடு."

மீத்ரக் முறைச்சான். "இழுத்துப் பிடிப்பியா?"

"விட மாட்டேன்டா."

அப்புறம் ரஷ்னு மேஸ்திரிகிட்டப் போயி, தப்பு ரெண்டு பேரோடதும், அனுப்புறதுன்னா ரெண்டு பேரையும் சேத்து மலைக்கு அனுப்புங்க, இல்லாட்டி இன்னும் ஒரு சீவலுக்கு விடுங்கன்னான். தாதின் தலையில அடிச்சுக்கிட்டு விட்டாரு.

ஆளுக்கொரு நுனியப் பிடிச்சுக் கோடு போட்டாங்க. கோட்டைத் தாண்டி ஒரு தூசிகூடச் சீவல ரஷ்னு. உத்திரத்தை எறக்கினாங்க. அம்மா மடியில தூங்குற புள்ள மாதிரி அசையாம உக்காந்துச்சு.

ராஜா வந்தாரு, மண்டபத்தைச் சுத்தினாரு, அந்தத் தூணை அண்ணாந்துகூடப் பாக்கல. கூரை ஒழுங்கா நின்னா எவன்தான் அண்ணாந்து பாக்குறான்? கீழ நின்ன மச்சானுங்க ரெண்டு பேரும், எந்த மூக்கு நல்ல மூக்குன்னு மறுபடியும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க.

கோவத்துல மூஞ்சியத் திருப்பிக்கலாம் கண்ணுங்களா, ஆனா சேந்து தாங்குற பாரத்துல இருந்து மட்டும் கைய எடுத்துடக் கூடாது.