மேட்டுப்பாறையிலிருந்து பார்த்தவர்

கைபேசிக்கு சிக்னல் எட்டுகிற ஒரு காட்டில், அஞ்சலை என்ற முயல் வாழ்ந்து வந்தது. ஓடைக்கரைப் பாறையடியில் அதன் வளை. வளைக்குள் கண் திறந்து நான்கு நாள்கூட ஆகாத குட்டிகள் நான்கு. வளை வாசலிலேயே அஞ்சலை சின்னதாக ஒரு கடை வைத்திருந்தது. முள் குத்திய புண்ணுக்குப் பச்சிலை அரைத்து மருந்து செய்து விற்கும்.

நல்ல மருந்துதான். ஆனால் அக்கம்பக்கத்தாரைத் தவிர அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஓடைக்கு அப்பால் மான்கள் காலில் முள் தைத்து நொண்டிக்கொண்டு திரிந்தன. கடைக்கு ஒரு வலைத்தளம் இருந்தால் அவையும் வருமே என்று அஞ்சலை நினைத்தது.

அந்தக் காட்டில் வலைத்தளம் அமைத்துத் தரும் தொழிலைச் செய்தது மாயாண்டி என்ற குரங்கு. கெட்ட எண்ணம் இல்லாத குரங்கு. ஆனால் எதையும் நாலு பேர் பார்த்தால்தான் அதற்கு மனம் நிறையும்.

மருந்தின் பெயரும் பூசும் முறையும் இருந்தால் போதும் என்றது அஞ்சலை. மாயாண்டி ஒப்புக்கொள்ளவில்லை.

"அதை மட்டும் போட்டால் யார் பார்ப்பார்கள்? வாசலைப் படம் எடுத்துப் போடு. குட்டிகளைப் போடு. குடும்பத்தைப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். நீ இலை பறிக்கப் போகிற நேரத்தையும் போட்டுவிடு. வந்தவர்கள் ஏமாந்து திரும்பக் கூடாது பார்."

அஞ்சலைக்கு மனசுக்குள் ஏதோ உறுத்தியது. அந்தப் படங்களை எல்லோரும் பார்க்கலாமா என்று கேட்டது. எல்லோரும் பார்க்கத்தானே வலைத்தளம் என்றது மாயாண்டி. அஞ்சலை தலையாட்டிவிட்டது.

முதல் இரண்டு நாளில் மூன்று மான்களும் ஒரு மயிலும் ஓடையைக் கடந்து வந்து மருந்து வாங்கின. அஞ்சலை மகிழ்ந்து போனது.

நான்காம் நாள் மாயாண்டி மூச்சிரைக்க ஓடி வந்தது. நேற்று ஒரே நாளில் எழுபது பார்வைகள் என்றது. அடுத்த நாள் நூற்றுப் பத்து என்றது. ஆனால் அந்த இரண்டு நாளும் கடைக்கு ஒரு கிழட்டு உடும்பைத் தவிர யாரும் வரவில்லை.

"இத்தனை பேர் பார்த்து எதைத்தான் பார்த்தார்கள்?" என்று கேட்டது அஞ்சலை.

மாயாண்டி கணக்கைத் திறந்து காட்டியது. மருந்துப் பக்கத்தைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். மீதிப் பார்வை எல்லாம் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்துக்கு. வாசலும் குட்டிகளும் இருந்த பக்கம் அது. எல்லாம் மேட்டுப்பாறையிலிருந்து வந்த பார்வைகள். எல்லாம் ஒரே கைபேசியிலிருந்து.

யாரோ ஒருவர் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலையின் கைபேசியில் ஒரு செய்தி வந்தது. 'வணக்கம். நீங்கள் இலை பறிக்கப் போகும் நேரத்தில் கடையில் யார் இருப்பார்கள்?' படித்து முடிப்பதற்குள் இன்னொன்றும் வந்தது. 'உங்கள் வளைக்குப் பின்வாசல் உண்டா? இப்படிக்கு, ஒரு வாடிக்கையாளர்.'

மரியாதையாகக் கேட்கிறார், உடனே பதில் போடு என்றது மாயாண்டி.

"மாயாண்டி, மேட்டுப்பாறையில் யார் குடியிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா?"

மாயாண்டி யோசித்தது. அதன் வால் மெல்லத் தொங்கியது. மேட்டுப்பாறையில் இருந்தது கரியன் என்ற காட்டுப்பூனை. அங்கே வேறு யாரும் இல்லை.

படங்களை இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று மாயாண்டி பதறியது. அஞ்சலை தடுத்தது. படத்தை எடுக்கலாம், கரியனின் நினைவிலிருந்து வாசலை எடுக்க முடியாதே. குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வழியில்லை. ஒவ்வொன்றாகக் கவ்வி நான்கு முறை புல்வெளியைக் கடக்க வேண்டும். மேட்டுப்பாறையிலிருந்து பார்த்தால் புல்வெளி முழுவதும் தெரியும்.

அஞ்சலைக்கு ஒரு யோசனை தோன்றியது. உடனே மூங்கில் புதருக்குத் தனியாகப் போனது. அங்கே வடிவு என்ற முள்ளம்பன்றி வளை தோண்டி வசித்தது. அதிகம் பேசாத முள்ளம்பன்றி. அஞ்சலை நடந்ததை எல்லாம் சொல்லித் தன் யோசனையையும் சொன்னது.

"என் வாசலைப் படம் எடுத்துக்கொள்" என்றது வடிவு. "நான் பகலெல்லாம் வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் தூங்குகிறேன். நாளைக்கும் அப்படியே தூங்குகிறேன்."

அன்று மாலை 'எங்களைப் பற்றி' பக்கத்தில் வாசலின் படம் மாறியது. கரியனுக்குப் பதிலும் போனது. 'அன்புள்ள வாடிக்கையாளருக்கு, பழைய இடத்தில் ஈரம் கசிவதால் மூங்கில் புதரடிக்குக் கடையை மாற்றிவிட்டோம். பின்வாசல் இல்லை. பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை குட்டிகள் மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும்.'

கடைசி வரியை அஞ்சலை மூன்று முறை தப்பாக எழுதி அழித்து எழுதியது.

மறுநாள் விடிந்ததும் வளையின் வாசலை உள்ளிருந்தே மண்ணால் அடைத்தது. வாடை வெளியே போகாமல் இருக்க நொச்சி இலையைக் கசக்கி மண்ணோடு அப்பியது. குட்டிகளை வயிற்றடியில் அணைத்துக்கொண்டு இருட்டில் காத்திருந்தது.

பத்து மணி இருக்கும். மேலே காலடி கேட்டது. சத்தமில்லாமல் வைக்கிற காலடி. கடை மாறியது உண்மைதானா என்று பார்க்க வந்ததுபோல் நேராக வந்து வாசலருகே நின்றது.

மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. ஒரு நகம் மண்ணைக் கீறியது. பொலபொலவென்று மண் உள்ளே உதிர்ந்து, விரல் அகலத்தில் ஒரு துளை விழுந்தது. ஒரு குட்டி முனகப் பார்த்தது. அஞ்சலை அதன் வாயைத் தன் மார்பு ரோமத்தில் அழுத்திக்கொண்டது.

துளை வழியாகச் சிறு வெளிச்சம் விழுந்தது. வெயிலின் நிறம் இல்லை அது, நீல நிறம். கரியன் கைபேசியைத் திறந்து புது வாசலின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீல வெளிச்சம் அணைந்தது. காலடிகள் மூங்கில் புதரை நோக்கிப் போயின. சற்று நேரத்தில் காடே அதிரும்படி ஓர் அலறல் கேட்டது. பிறகு புல்லும் சருகும் நொறுங்க யாரோ ஓடுகிற சத்தம்.

குட்டிகள் தூங்குகின்றன என்று நம்பிக் கரியன் தலையை முழுசாக வடிவின் வளைக்குள் விட்டிருக்கிறது. முகமெல்லாம் முள்ளோடு மலைக்கு அந்தப் பக்கம் ஓடியதை மயில் பார்த்தது. மேட்டுப்பாறைக்கு அது திரும்பி வரவே இல்லை.

மாயாண்டி வெட்கத்தோடு வந்து வலைத்தளத்தைத் திருத்தி அமைத்தது. வாசல் இல்லை, குட்டிகள் இல்லை, வெளியே போகும் நேரம் இல்லை. மருந்தின் பெயர், பூசும் முறை, ஓடைத்துறை மருதமரத்தடியில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்ற ஒரு வரி. அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து, நேற்று ஆறு பேர்தான் பார்த்திருக்கிறார்கள் என்று மாயாண்டி வருத்தத்தோடு சொன்னது.

"ஆறு பேரும் வாங்கினார்கள்" என்றது அஞ்சலை.

அதற்குள் அஞ்சலை வேறு வளைக்குக் குடிபோயிருந்தது. எங்கே என்று மாயாண்டி கேட்டது. அஞ்சலை மருந்துச் சிமிழ்களை அடுக்கிக்கொண்டே வேறு பேச்சுப் பேசியது.

நீதி: விற்கும் பொருளை எல்லோருக்கும் காட்டலாம்; வீட்டு வாசலை வேண்டியவர்களுக்கு மட்டும் காட்ட வேண்டும்.