பூதம் எந்தப் பக்கம்

பாதிக்கேணி என்கிற ஊருக்கு அந்தப் பெயர் வந்த விதத்தைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்கே புரிந்துவிடும். ஒரு காலத்தில் கிணறு வெட்ட ஊர் கூடியது. மேலத்தெருவில் வெட்டுவதா, கீழத்தெருவில் வெட்டுவதா என்று தகராறு. யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று மேலத்தெருவில் பாதி ஆழம், கீழத்தெருவில் பாதி ஆழம் வெட்டினார்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு முழுக்கிணறு. தண்ணீர் மட்டும் இன்றுவரை வரவில்லை. ஆனால் இரண்டு தெருவுக்கும் சரிசமமாக வரவில்லை என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

அந்த ஊரில் செம்பாயி என்று ஒருத்தி. கவலைப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வெயில் அடித்தால் பயிர் காயுமே என்பாள். மேகம் வந்தால் காயப்போட்ட வடகம் நனையுமே என்பாள். வெயிலும் இல்லாமல் மேகமும் இல்லாமல் விடிந்த நாளில், இன்றைக்கு ஏன் ஒரு கவலையும் காணோம் என்று கவலைப்பட்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த வருஷம் அவளுக்கு நிஜமாகவே ஒரு கவலை வந்தது. எங்கிருந்தோ நடந்து வந்த பூதம் ஒன்று கண்மாய் மடையில் உட்கார்ந்துவிட்டது. நல்ல கனத்த பூதம். அடியில் குளிர்ச்சியாக இருந்ததால் எழுந்திருக்க அதற்கு மனம் வரவில்லை. மடை அடைத்துக்கொண்டது. மடைக்குக் கீழே முதல் வயல் செம்பாயியுடையது. கதிர் பால் பிடிக்கிற சமயம். இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் இல்லை என்றால் அறுக்கப்போவது வைக்கோல்தான்.

அவளும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே குடையை எடுத்துப்போய் ஒரு நெற்குத்துக்குப் பிடித்தாள். பக்கத்துக் குத்து பார்த்துக்கொண்டிருக்குமே என்று பதறி அதற்குப் பிடித்தாள். இப்படியே வயல் முழுக்கப் பிடித்துக்கொண்டு போனாள். கடைசிக் குத்துக்கு வரும்போது பொழுது இறங்கிவிட்டது. அது மட்டும் நிழல் இல்லாமல் நின்றதே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊருக்குப் படை என்று இரண்டே ஆள். ஒருவன் செம்பாயியின் புருஷன் ஒண்டிப்புலி, கத்திவீரன். இன்னொருவன் அவள் தம்பி மாசிலான், மந்திரவாதி.

ஒண்டிப்புலி நாள் முழுக்கக் கத்தி சுழற்றுவான், களைக்க மாட்டான். மாசிலானுக்கு ஒரே ஒரு மந்திரம் தெரியும். எதைப் பார்த்துச் சொன்னாலும் அது பூசணிக்காய் ஆகிவிடும். ஆனால் ஒரு தடவை சொன்னதும் மந்திரம் அவனுக்கு மறந்துபோகும். மறுநாள் காலை பல் விளக்கும்போதுதான் திரும்ப நினைவு வரும்.

தம்பியை அனுப்பினால் ஒரு நொடியில் பூதம் பூசணிக்காய். இது உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. ஆனால் ஊர்த்தலைவரான அம்பலகாரர் முன்னால் ஊர்ச்சாவடியில் பேச்சு எடுத்தபோது ஒண்டிப்புலி குறுக்கே எழுந்து நின்றான்.

"அம்பலகாரரே, போன மாசியில காட்டுப்பன்னி வந்துச்சு. நான் முண்டாசு கட்டி, கத்தியை உருவி, ஒரு கர்ஜனை போட்டேன். போட்ட வாயை மூடுறதுக்குள்ள இவன் அதைப் பூசணிக்காய் ஆக்கிட்டான். மாலை அவனுக்கு. திறந்த வாயோட நின்னது நான்."

"கூட்டு வச்சுக் கொடுத்தேனே, அதைக்கூட நீங்க தொடலையே," என்றாள் செம்பாயி.

"பன்னியா இருந்தா தின்னிருப்பேன். ஒருத்தன் ஓடி ஓடி வேர்க்கிறான், ஒருத்தன் உதட்டை அசைக்கிறான். கூலி ரெண்டு பேருக்கும் ஒரே கஞ்சி. இது நியாயமா?"

"மச்சான் சொல்றது சரிதான்," என்றான் மாசிலான். அவன் நல்ல பையன். "எனக்கே கூச்சமாத்தான் இருந்துச்சு."

"யாரு அடிச்சா என்னங்க, மடை திறந்தாப் போதாதா?" என்று கேட்டுப் பார்த்தாள் செம்பாயி. சாவடியே அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது. அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அம்பலகாரர் சாத்தப்பன் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "இனிமே வீரனும் மந்திரவாதியும் சரிசமம். ஒருத்தன் படுற பாட்டை இன்னொருத்தனும் படணும். ஒருத்தன் போற இடத்துக்கு இன்னொருத்தனும் போகணும். இதுல இம்மியும் பிசகக் கூடாது."

மறுநாள் படை புறப்படும் முன் இருவருடைய துண்டையும் பிழிந்து பார்த்தார்கள். கத்தி சுழற்றிய ஒண்டிப்புலியின் துண்டில் சொட்டுச் சொட்டாக வியர்வை. மாசிலானின் துண்டு காய்ந்து கிடந்தது. அவனைச் செம்பாயி நெல் அவிக்கிற அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் துண்டு மச்சானுடையதை மிஞ்சிவிட்டது. இப்போது ஒண்டிப்புலிக்குக் குறைவு. அவனையும் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். இப்படி மாறி மாறிப் பிழிந்ததில் விறகு தீர்ந்தது, பொழுதும் சாய்ந்தது. இரண்டு பேரும் அவித்த நெல் வாசனையோடு வீடு திரும்பினார்கள். பூதத்தை யாரும் பார்க்கப் போகவில்லை.

அடுத்த நாள் கண்மாய்க்கரை வரைக்கும் போனார்கள். பூதத்தைப் பார்த்ததும் மாசிலானுக்கு ஒரு நியாயம் தோன்றியது.

"மச்சான், மந்திரத்தைச் சொன்னா எனக்கு மறந்துபோகுது. கத்தியை வீசினா உங்களுக்கு மறக்குறதில்லையே. இதுல என் பாடுதானே அதிகம்?"

ஒண்டிப்புலி யோசித்தான். "வாஸ்தவம்தான் மாப்ளே. இனிமே ஒரு வீச்சு வீசினதும் நானும் மறந்துடுறேன். நாளைக்குப் பல் விளக்கும்போது ஞாபகம் வச்சுக்கிறேன்."

சொன்னபடியே ஒரு வீச்சு வீசினான். பூதத்தின் கால் கட்டைவிரல் நகம் கொஞ்சம் வெட்டுப்பட்டது. ரொம்ப நாளாக வளர்ந்திருந்த நகம். பூதம் நன்றி சொல்லி அடுத்த காலையும் நீட்டியது. ஆனால் ஒண்டிப்புலி அதற்குள் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, இது என்னது? நீளமா இருக்கு."

"தெரியலையே மச்சான். வெண்டைக்காய் நறுக்குறதா இருக்குமோ?"

"நீ மந்திரத்தைச் சொல்லேன்."

"எப்படிச் சொல்றது? நீங்க வீசி நகம்தான் போச்சு. நான் சொன்னா முழுப்பூதமும் போயிடும். சரிசமம் என்ன ஆகுறது? நகம் அளவுக்குத்தான் நான் சொல்லலாம்." நகம் அளவுக்கு மந்திரம் சொன்னான். வெட்டுப்பட்டு விழுந்த நகத்துண்டு சுண்டைக்காய் அளவில் ஒரு பூசணிக்காய் ஆனது.

அதை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். செம்பாயி அதை இரண்டாக அரிந்து ஆளுக்குப் பாதி வைத்தாள். வைத்துவிட்டு வயலைப் பார்க்கப் போனாள். கதிர்கள் நுனி வெளுத்துத் தலை தொங்கிக் கிடந்தன. புருஷனைத் திட்டினால் தம்பி தப்பித்துக்கொள்வான், தம்பியைத் திட்டினால் புருஷன் தப்பித்துக்கொள்வான். அதனால் வரப்பில் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்கு மறுநாள் அவளால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கஞ்சிப்பானையையும் அகப்பையையும் தூக்கிக்கொண்டு படையின் பின்னாலேயே கண்மாய்க்குப் போனாள். நியாயம் பிசகாமல் பார்க்க அம்பலகாரரும் வந்தார்.

கத்தியை ஓங்கும் முன் பூதம் கையைத் தூக்கியது.

"ஒரு நிமிஷம். நீங்க ரெண்டு பேரு, நான் ஒத்தை ஆளு. இது மட்டும் சரிசமமா?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று அம்பலகாரருக்கு ஒரே அவமானம்.

"பூதமா இருந்தாலும் நியாயம் தெரிஞ்ச பூதம்," என்றார். "ஒண்டிப்புலி, நீ அந்தப் பக்கம் போ."

ஒண்டிப்புலி போய்ப் பூதத்தின் வலப்பக்கம் நின்று, தன் மச்சினனைப் பார்த்துக் கத்தியை நீட்டினான்.

"அப்ப நானும் அங்கதானே போகணும்?" என்றான் மாசிலான். "ஒருத்தன் போற இடத்துக்கு இன்னொருத்தனும் போகணும்னு தீர்ப்பு இருக்கே."

"இருக்குதான்," என்றார் அம்பலகாரர். மாசிலானும் போய்ப் பூதத்தின் இடப்பக்கம் நின்றான். இப்போது பூதத்துக்கு ஒரு வீரன், ஒரு மந்திரவாதி. பாதிக்கேணிக்குச் செம்பாயி.

"ஐயா, நீங்களாச்சும் என் பக்கம் நில்லுங்க," என்றாள் அவள்.

"நான் தீர்ப்புச் சொல்றவன், தாயி. எந்தப் பக்கமும் நிக்கக் கூடாது." ஒதுங்கிப்போய் ஒரு கருவேலமர நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

செம்பாயி எதிரிப்படையைப் பார்த்தாள். புருஷன் முறைத்தான். தம்பி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றான். அவளுக்குப் பயத்தைவிட வேறொரு கவலை பெரிதாக வந்தது. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"இங்க பாருங்க," என்றாள். "கஞ்சி நம்ம ஊர்ப் படைக்குன்னு காய்ச்சினது. அந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்குக் கிடையாது."

ஒண்டிப்புலி கத்தியை இறக்கினான். "தொட்டுக்க என்ன?"

"சுண்டவத்தல்."

ஒண்டிப்புலி இந்தப் பக்கம் வந்தான். தீர்ப்பின்படி மாசிலானும் வந்தான். பூதம் கொஞ்ச நேரம் காற்றை முகர்ந்தது.

"நானும் ஊர்ப் படையில சேர்ந்துட்டா எனக்கும் உண்டா?"

"சேர்ந்தா உண்டு. அளவு எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றாள் செம்பாயி.

பூதம் எழுந்து வந்தது. மடை திறந்தது. தேங்கியிருந்த தண்ணீர் இரைச்சலோடு பாய்ந்து முதல் வயலுக்குள் இறங்கியது. தொங்கிக் கிடந்த கதிர்கள் ஆடின. செம்பாயிக்குக் கண் கலங்கிவிட்டது. வரிசையில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் சரிசமமாக ஊற்றினாள். பூதத்துக்கு மட்டும் யாரும் பார்க்காதபோது ஒரு வத்தல் கூட வைத்தாள்.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், அம்பலகாரரைத் தவிர. அவர் மரத்தடியில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க ஐயா, இன்னும் என்ன குறை?"

"இந்தப் பக்கம் வீரன் இருக்கான், மந்திரவாதி இருக்கான், பூதமும் இருக்கு. அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. எதிராளிக்கு இப்படி ஒரு அநியாயம் பண்ணிட்டு, நாம எப்படிம்மா கஞ்சி குடிக்கிறது?"

அவர் சொன்னதும் எல்லாருக்கும் அது உறைத்தது. பூதம்கூடச் சட்டியைக் கீழே வைத்துவிட்டது. வீட்டுக்கு ஒருவர் முறைவைத்து எதிர்ப்பக்கம் போய் மடையில் உட்காருவது என்று அங்கேயே முடிவானது. மடைக்குக் கீழே முதல் வயல் யாருடையதோ, முதல் முறை அவர்களுக்கு.

முறை என்று வந்துவிட்டால் செம்பாயி பின்வாங்குகிறவள் இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மடையில் இறங்கி உட்கார்ந்தாள். பூதத்தின் அகலம் தனக்கு இல்லையே, ஊர் ஏதாவது சொல்லுமே என்று கவலைப்பட்டு, மடைப்பலகையையும் தானே கீழே இறக்கிவிட்டாள். தண்ணீர் நின்றது.

எதிரே அவள் புருஷன், தம்பி, பூதம் மூவரும் கை கழுவிவிட்டுப் போருக்கு அணிவகுத்து நின்றார்கள். அன்றைக்கு இன்னும் யாரும் கத்தி வீசியிருக்கவில்லை, மந்திரமும் மிச்சம் இருந்தது. ஆனால் மறுபடியும் மூன்று பேருக்கு ஒருத்தி. அது சரிப்படாதே என்று அம்பலகாரர் விரல் விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

செம்பாயி தன் வயலைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, என் பயிர் கருகுது," என்று மடையில் உட்கார்ந்தபடியே கத்தினாள். "இந்தக் கத்தி, மந்திரம், பூதம் எல்லாம் இருந்து என்ன பிரயோசனம்? மடையை அடைச்சுக்கிட்டு ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கா. அவளை எழுப்ப உங்கள்ல ஒருத்தருக்குத் துப்பில்லையா?"