சுனையில் முளைத்த நவதானியம்

மலைச்சரிவைச் சுரண்டி விடுதி கட்ட ஆரம்பித்தார் கனகசபை. முதல் மழைக்கே கீழே ஊர்ச்சுனை ரத்தச் சிவப்பானது. தவளைகள்கூட வாய் திறக்கவில்லை.

"குடிக்கத் தண்ணியில்லீங்க. சரிவுல மண்மூட்டை அடுக்கிப் புல்லு நடுங்க," என்றாள் சித்தாள் மாரக்காள்.

"சுனையில கெடக்கறது என் மண்ணுன்னு பேரு எழுதியிருக்கா? காட்டு, செய்யறேன்."

சில நாள் கழித்துப் பனிமூட்டத்தில் சுனைக்குப் போனவள் உறைந்து நின்றாள். யாரும் விதைக்காத சேற்றில் வெளிறிய முளைகள் விரல்களைப் போல நீண்டிருந்தன. தோண்டினாள். கனகசபையின் பெயர் வெட்டிய செம்புக் கலசம் வந்தது. கட்டடம் நிலைக்க வேண்டுமென்று பூமி பூஜையில் ஈசான மூலையில் நவதானியத்தோடு அவர் புதைத்தது.

அவரிடமே கொண்டுபோனாள். "கீழ வந்த மண்ணு உங்களுது இல்லேன்னீங்க. அப்ப இதுவும் உங்களுது இல்லீங்களே? சுனையிலயே புதைச்சிடட்டுங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். கட்டடத்தின் ஈசான மூலையில் மழை அரித்த பள்ளம் வாயைப் பிளந்திருந்தது. அவர் கலசத்தைப் பிடிக்கப் பாய்ந்தார்.

"ஐயோ, என்னுதுதான்! குடு தாயி!"

"மொதல்ல மூட்டையை அடுக்குங்க," என்று கலசத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.