ஜன்னல் கம்பியில் சேலைத் தலைப்பு

ஒரு துறைமுக நகரத்தில் நடந்தது இது. நிதானமாகக் கேளுங்கள், கடைசியில் நியாயம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அங்கே மேம்பாலத்தடியில் சந்தியம்மாள் என்றொரு தாய் இருந்தாள். கூடவே மகன் மிக்கேல். அவன் உடம்புக்கு முப்பது வயது, மனசுக்கு நாலு. தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவான். கை நழுவினால் தெருவே கேட்க அலறுவான்.

மழைக்காலத்துக்கு முன் பாலத்தடியில் ஒருவரும் படுத்திருக்கக் கூடாது என்று மாநகராட்சி தீர்மானம் போட்டது. கெட்ட தீர்மானம் என்று சொல்ல முடியாது. படுக்க இடம் காட்டாமல் யாரையும் எழுப்பக் கூடாது என்றும் அதிலேயே இருந்தது. அதற்குப் பிறகும் தெருவில் கிடப்பவர்களை, ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் இருக்கும் இல்லத்துக்கு வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

கணக்கெடுக்க வந்தவர் குணசீலன். பெயர், வயது, சொந்த ஊர், நோய் எல்லாம் கேட்டு எழுதி, தாய்க்குப் பெண்கள் காப்பகம், மகனுக்கு ஆண்கள் காப்பகம் என்று இரண்டு சீட்டுக் கொடுத்தார். சந்தியம்மாள் மகனின் தூக்கத்தைப் பற்றிச் சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் இடம் கிடைச்சிருக்கேம்மா, அதைப் பாருங்க," என்றார் அவர், எரிச்சல் இல்லாமல்தான். சீட்டின் அடியில் 'குறிப்பு' என்று நாலு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தது. அதில் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பெண்கள் காப்பகத்தை நடத்தியவள் தில்லைநாயகி. மகனையும் ஒரு மூலையில் படுக்கவிடக் கேட்டாள் தாய்.

"உள்ளே பதினோரு பேரு புருஷன்கிட்ட அடிபட்டு ஓடி வந்தவங்க அக்கா. ராத்திரி ஆம்பளைக் குரல் கேட்டா எழுந்து உக்காந்துடுவாங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

ஆண்கள் காப்பகத்திலோ பெண்கள் தங்கக் கூடாது.

முதல் நாள் முந்தானையில் ஒரு முழம் கிழித்து மகன் கையில் கொடுத்தனுப்பினாள். அவன் இழுத்துப் பார்த்தான். மறுமுனையில் யாரும் இல்லை. அவன் போட்ட அலறலில், இன்னொரு நாள் இப்படியென்றால் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து அவள் ஆண்கள் காப்பகத்து ஜன்னலடியில், நடைபாதையில் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த தலைப்பைக் கம்பி வழியே உள்ளே விட்டாள். கட்டிலில் அவன் பிடித்துக்கொண்டு தூங்கினான். வெளியே அவள் செபமாலை உருட்டிக்கொண்டு விழித்திருந்தாள். தன் கட்டில் பறிபோனால் தன்னைத் தூரத்து இல்லத்துக்கு ஏற்றிவிடுவார்களே என்ற பயத்தில், தினமும் பகலில் பெண்கள் காப்பகத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டு வந்தாள். தில்லைநாயகி தெரிந்தும் தெரியாதவள்போல இருந்தாள்.

பத்தாம் நாள் நல்ல மழை. வயிற்றுத் தையலோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து பெண்கள் காப்பக வாசலில் நின்றாள் அமிர்தம் என்பவள். நாற்பது கட்டிலுக்கும் ஏட்டில் பெயர் இருந்தது; ஒன்றில் மட்டும் ஆள் இல்லை. தில்லைநாயகி சந்தியம்மாளின் பெயரை அடித்து, அந்தக் கட்டிலை அமிர்தத்துக்குக் கொடுத்தாள்.

அன்று சுற்றி வந்த குணசீலன், ஜன்னலடியில் நனைந்துகொண்டிருந்தவளைப் பார்த்தார். பெண்கள் காப்பகத்தில் கேட்டு வந்த, கட்டில் அமிர்தத்துக்குப் போன விவரத்தைச் சொன்னார்.

"தையல் போட்ட புள்ளையா? படுக்கட்டும்," என்றாள். பிறகு, "மெதுவாப் பேசுங்கய்யா. இப்பத்தான் கண் அசந்தான்."

சட்டப்படி அவளை வண்டியில் ஏற்ற வேண்டும். அவருக்கு மனசு வரவில்லை. தன் மழைக்கோட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினார். சுற்றிய தெருக்களைக் குறிக்கும் ஏட்டில் அந்தத் தெருவின் பெயருக்கு எதிரே, ஆள் யாரும் இல்லை என்று ஒரு கோடு கிழித்துவிட்டு, நனைந்தபடியே போனார்.

படுக்காத கட்டிலைப் பிடித்து வைத்திருந்த தாய், விளைவு தெரிந்தே பெயரை அடித்த தில்லைநாயகி, பார்த்தும் விட்டுப்போன குணசீலன். இந்த மூவரில் தவறியவர் யார்?

விடை: மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்த மனிதரைச் சொல்ல நாக்குக் கூசுகிறது, ஆனாலும் அவர்தான். தில்லைநாயகி கட்டிலைப் படுக்க வேண்டியவளுக்குக் கொடுத்தாள். தாய் பயத்தில் பிடித்து வைத்திருந்ததை, கேட்டதும் மனசார விட்டுக்கொடுத்தாள். தீர்மானம் போட்டவர்கள் ஜன்னலடிக்கு வந்து பார்க்கப்போவதில்லை. குணசீலன் எழுதுவதுதான் அவர்களுக்குக் கண். எழுதச் சொல்லி விட்டிருந்த இடத்தில், இந்த இருவரையும் பிரிக்க முடியாது என்று ஒரு வரி போதும். இரண்டு தடவையும் கோடுதான் கிழித்தார். மாநகராட்சி ஏட்டில் இன்றைக்கும் அந்த நடைபாதை காலியாகத்தான் இருக்கிறது.