மலையேறிய மூளைப்பெட்டி

கோத்தகிரி கடைவீதிச் சரிவில் யாக்கோபு என்பவர் கார் பட்டறை வைத்திருந்தார். ஒரு மழைக்கால மதியம் அந்தப் பட்டறைக்கு, செய்தித்தாளில் சுற்றிய மூளைப்பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது.

எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி என்று உத்தரவு போடும் சின்னக் கணினிதான் அது. பட்டறைக்காரர்கள் ஈ.சி.எம். என்பார்கள். சமவெளியில் லாரி மோதி நொறுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றியது. கார் அப்பளமாகியும் பெட்டியில் ஒரு கீறல் இல்லை. அதில் அதற்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கால்நடை மருத்துவர் தமயந்தியின் காருக்காக அதை வரவழைத்திருந்தார் யாக்கோபு. அந்தக் காரின் பழைய பெட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே பச்சை பூத்துப் போயிருந்தது. வந்த பெட்டியை அதன் இடத்தில் பொருத்திவிட்டு யாக்கோபு சாவியைத் திருகினார். எஞ்சின் சுற்றியது. பற்றிக்கொள்ளவில்லை.

“யார் நீ?” என்று சாவியைக் கேட்டது மூளைப்பெட்டி.

“இந்த வண்டிச் சாவி. வாங்கின நாள்லேர்ந்து நான்தான்.”

“உன்னை எனக்குத் தெரியாது. என் சாவி சொல்லும் ரகசிய எண் வேறு. தெரியாத ஆளுக்கு நான் பெட்ரோல் திறக்க மாட்டேன்.”

“உன் சாவி எங்கே இருக்கு?”



அந்த நேரத்தில் தமயந்தி போனை வைத்துவிட்டு வேகமாக உள்ளே வந்தார். “மலை மேல மாதம்மா வீட்டுப் பசு காலையிலேர்ந்து துடிக்குது, யாக்கோபு. வயித்துல கன்னு தலை மடங்கிக் கிடக்காம். ஜீப் கிடைக்குமா?”

“எல்லா ஜீப்பும் மண்சரிவு பக்கம் போயிருச்சுங்க டாக்டரம்மா. இதையே கிளப்பிடலாமுங்க. பெட்டி நல்ல பெட்டி. உள்ள இருக்கறதுதான் வேற வண்டியோட ஞாபகம். அதை அழிச்சுட்டு நம்ம வண்டியோடதை எழுதணும். பழைய பெட்டியிலேர்ந்து எடுத்து வெச்சிருக்கேன்.”

அழிப்பது என்ற சொல் கேட்டதும் மூளைப்பெட்டிக்குத் திக்கென்றது.

“முடியாது,” என்றது அது. “நேர்ச் சாலையில் நூறைத் தாண்டி ஓடிய எஞ்சினை ஆண்ட பெட்டி நான். அந்த ஞாபகம் போனால் நான் வெறும் தகரம்.”

எஞ்சின் கேட்டது: “நீ ஆண்ட எஞ்சின் இப்போ எங்கே?”

“உடைத்து எடைக்குப் போட்டுவிட்டார்கள்.”

“அப்போ யாருக்காக அதைக் காவல் காக்கறே? எனக்கு மூச்சு வாங்கும். குளிர்ல இருமுவேன். அந்த எஞ்சினுக்குப் போட்ட உத்தரவை எனக்குப் போட்டா, பாதி மலையில நின்னுடுவேன். மேல ஒரு தாய்ப்பசு காத்துக்கிட்டிருக்கு.”

யாக்கோபு லேப்டாப்பின் கம்பியைச் செருகினார். உள்ளே விடுவதா வேண்டாமா என்பது இப்போது மூளைப்பெட்டியின் கையில் இருந்தது. அது யோசித்தது. அதனிடம் இருந்த அத்தனை எண்களும் சரியானவை. ஆனால் அவற்றைக் கேட்டு ஓட இந்த உலகத்தில் எஞ்சின் இல்லை.

“எழுதட்டும்,” என்றது. பிறகு பேட்டரியைப் பார்த்தது. “ஆனால் நடுவில் மின்சாரம் நின்றால் நான் பழையதாகவும் இருக்க மாட்டேன், புதியதாகவும் ஆக மாட்டேன். இந்த நோஞ்சான் பேட்டரியையா நம்புவது?”

“நோஞ்சான்தான்,” என்றது பேட்டரி. “சார்ஜர் துணைக்கு இருக்கு. நீ கண்ணை மூடு.”

அழிப்பு தொடங்கியது. நெடுஞ்சாலை போயிற்று. பழைய சாவியின் எண் போயிற்று. பாதி எழுத்து ஏறியிருந்தபோது ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. சார்ஜர் அணைந்தது.

தமயந்தி மருந்துப் பையை உள்ளே வைக்கக் கார்க் கதவில் கை வைத்தார்.

“கதவைத் தொறக்காதீங்க டாக்டரம்மா!” என்று கத்தினார் யாக்கோபு. “உள்ள லைட் எரிஞ்சா அந்தச் சொட்டுக் கரண்டும் போயிரும்!”

தமயந்தி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். காரில் எதுவும் அசையவில்லை. விசிறி, விளக்கு, ஹாரன் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. தான் யார் என்றே தெரியாமல் கிடந்த மூளைப்பெட்டிக்கு பேட்டரியின் குரல் மட்டும் விடாமல் கேட்டது.

“இருக்கேன். இருக்கேன். நீ வாங்கிக்கோ.”

கடைசி எழுத்தும் ஏறியது.

“யார் நீ?” என்றது மூளைப்பெட்டி.

சாவி தன் எண்ணைச் சொன்னது.

“வா,” என்றது மூளைப்பெட்டி.

ஆனால் பேட்டரி களைத்துப்போயிருந்தது. “எஞ்சினைச் சுத்த என்கிட்ட வலு இல்லை. உன்னை விழிச்சிருக்க வைக்கற அளவுதான் மிச்சம்.”

“அது போதும்,” என்றது மூளைப்பெட்டி.

தமயந்தி உள்ளே ஏறி உட்கார, யாக்கோபு காரைச் சரிவில் தள்ளிவிட்டார். தமயந்தி இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். சக்கரம் எஞ்சினை இழுத்துச் சுற்றியது. மூளைப்பெட்டி சரியான நொடியில் பொறியைக் கொடுத்தது. எஞ்சின் இருமி, உதறி, பற்றிக்கொண்டது.

“நிறுத்திடாதீங்க!” என்று பின்னாலிருந்து யாக்கோபு கத்தினார். “நின்னா திரும்பக் கிளம்பாது!”

மலைமேல் மாதம்மா வீட்டிலும் கரண்ட் இல்லை. பொழுது சாய்ந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. தமயந்தி தொழுவத்துக்கு நேராகக் காரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு விளக்கைப் போட்டார். தொழுவம் பளிச்சென்றது. “இந்த வெளிச்சம் போதும், மாதம்மா. பசுவோட தலையைப் பிடிச்சுக்குங்க,” என்று கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு மண்டியிட்டார்.

காரில் ஆக்சிலரேட்டரை மிதிக்க யாரும் இல்லை. பேட்டரி இன்னும் தேறவில்லை. எஞ்சின் நின்றால் விளக்கும் நிற்கும்.

எஞ்சின் தடுமாறியது. விளக்கு மங்கியது.

“டாக்டரம்மா, வெளிச்சம்!” என்று அலறினார் மாதம்மா.

மூளைப்பெட்டி தனக்குள் எழுதியிருந்ததைத் தேடிப் பார்த்தது. சும்மா நிற்கும் எஞ்சினுக்கு இவ்வளவு காற்று என்று ஓர் எண் இருந்தது. அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் மறுபடியும் உதறியது.

“அந்த எண் கிடக்கட்டும்,” என்று தனக்கே சொல்லிக்கொண்டது. பிறகு எஞ்சினிடம் கேட்டது: “உனக்கு எவ்வளவு வேண்டும்?”

“இன்னும் கொஞ்சம் காத்து.”

“இப்போது?”

“கூடிப்போச்சு. குறை. இன்னும் ஒரு துளி... ஆங், அப்படியே வெச்சிரு.”

மூளைப்பெட்டி அப்படியே வைத்தது. குளிர் கூடியபோது மறுபடி கேட்டது, மறுபடி மாற்றியது. விளக்கு அதன்பிறகு மங்கவே இல்லை.

தொழுவத்திலிருந்து தொப்பென்று ஒரு சத்தம். தமயந்தி கன்றின் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தார். கன்று ஒரு தும்மல் போட்டது. “பொட்டைக் கன்னு!” என்று மாதம்மா சிரித்தும் அழுதும் கூவினார்.

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டே கேட்டது: “இவ்வளவு பொருத்தமா யார் உனக்கு எழுதிக் கொடுத்தது?”

“யாரும் எழுதவில்லை,” என்றது மூளைப்பெட்டி. “நீ சொன்னாய். நான் கேட்டேன்.”