ஆணைப்படி நிலா உண்டு

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே. ஏரிக்கரைகளில் ராஜாக்கள் குதிரையேறிப் போன காலத்திலே, நெடுங்குளத்தூரில் மாவேள் என்றொரு அரசன் இருந்தான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. நல்லவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஊர்த் தெருமுனைகளில் கல்தூண்களின்மேல் விளக்குகள் உண்டு. பொழுது சாய்ந்ததும் காவலர்கள் எண்ணெய் ஊற்றி ஏற்றுவார்கள். ஒருநாள் அமைச்சர் வெண்காடர் அரசனிடம் வந்து, "வளர்பிறையில்தான் வானத்தில் நிலா இருக்கிறதே, எண்ணெயை ஏன் வீணாக்க வேண்டும்? தேய்பிறையில் மட்டும் ஏற்றினால் போதும்" என்றார். அரசனுக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. மறுநாளே பறை அறைந்தார்கள். வளர்பிறையில் நிலா உண்டு. நிலா உண்டென்றால் வெளிச்சம் உண்டு. வெளிச்சம் உண்டென்றால், அந்த நாட்களில் விளக்கோ பந்தமோ ஏந்தித் தெருவில் நடப்பவன் அரசாணையைப் பழித்தவன்.

இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. நிலாவின் போக்கு யாருக்குத் தெரியாது? மூன்றாம் பிறை மேற்கே தலைகாட்டும். ஊர் சாப்பிட்டுக் கை கழுவிப் படுப்பதற்குள் மறைந்துவிடும். அப்புறம் விடியும்வரை இருட்டுத்தான். நாளுக்கு நாள் கொஞ்சம் பிந்தி மறையும். அரைநிலா பட்டப்பகலிலேயே உதித்து, நடுச்சாமத்தில் இறங்கிவிடும். பௌர்ணமி ஒன்றுதான் பொழுது சாய வந்து விடிய விடிய நிற்கும். பிறகு தேய்பிறையில் ஒவ்வொரு இரவும் தாமதித்து வரும். சூரியன் வந்த பின்னும் போகாமல் வெளுத்த முகத்தோடு மேற்கே தங்கியிருக்கும். மாதத்தில் பாதி நேரம் நிலா பகலில்தான் திரிகிறது. இது அமைச்சருக்கும் தெரியும், அரசனுக்கும் தெரியும். தெரிந்தேதான் பறை அறைந்தார்கள்.

பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். பௌர்ணமிக்கு மறுநாள் நிலா ஊரெல்லாம் காய்ந்துகொண்டிருக்க, தூண்களில் விளக்கும் எரிந்தது. தேய்பிறை தொடங்கிவிட்டதல்லவா? மூன்றாம் பிறையன்றோ, கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டில் தூண்கள் சும்மா நின்றன. ஒருவருக்குக் கால் சுளுக்கியது. ஒருவருடைய காளை ஓடையில் விழுந்தது. ஒருவர் வாசற்படியில் பல்லை உடைத்துக்கொண்டார். மூன்று பேரும் கேட்டவர்களிடம், "நிலா வெளிச்சத்துல கவனிக்காம நடந்துட்டேன்" என்றே சொல்லிக்கொண்டார்கள்.

அந்த ஊரில் பிள்ளைப்பேறு பார்ப்பவள் மங்காயி. ஊரில் பாதிப் பேர் அவள் கையில் வந்து விழுந்தவர்கள். மகா கோபக்காரி. வலியில் கிடப்பவளிடம் மட்டும் குரலை உயர்த்தமாட்டாள்.

ஒரு மூன்றாம் பிறை இரவு, நிலா மறைந்த பிறகு, தச்சன் சாத்தன் கையில் பந்தத்தோடு அவள் வீட்டுக்கு ஓடிவந்தான். அவன் மனைவி பூவாளுக்குத் தலைப்பிரசவம். இருவரும் ஏரிக்கரை வழியாக ஓடினார்கள். காவலன் கூத்தன் குறுக்கே ஈட்டியை நீட்டினான்.

"வளர்பிறையில பந்தமா? அணை."

"என் பொண்டாட்டி வலியில துடிக்கிறாய்யா. வழி தெரியலையே."

"ஆணைப்படி நிலா இருக்கு. அணை."

சாத்தன் வானத்தைப் பார்த்தான். மங்காயியைப் பார்த்தான். ஈட்டியைப் பார்த்தான். பிறகு பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்துவிட்டான்.

கொஞ்ச தூரம் போனதும், வண்டல் வெட்டிய குழியில் மங்காயி விழுந்தாள். கணுக்கால் பிசகியது. சாத்தன் தடவித் தடவி அவளை மேலே இழுத்து, தோளில் சுமந்து, வழி தப்பி, வேலியில் முட்டி வீடு சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. பெண்குழந்தை, நன்றாக இருந்தது. பூவாள் இரத்தமெல்லாம் போய்க் குளிர்ந்து கிடந்தாள். மங்காயி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். சற்று முன்னால் வந்திருந்தால் அது போதுமானதாக இருந்திருக்கும். பூவாள் கண்ணைத் திறக்கவே இல்லை.

ஊரில் பேச்சு கிளம்பியது. இருட்டினால் ஒருத்தி செத்தாள் என்றால் ஆணைக்கல்லவா பழி வரும்? அமைச்சர் முந்திக்கொண்டார். மங்காயி அசட்டையாக நடந்து தாமதம் செய்தாள் என்று வழக்குப் போட்டார். குற்றம் என்று தீர்ப்பானால் அவள் இனி எந்தப் பெண்ணையும் தொடக்கூடாது, ஊரைவிட்டும் போய்விட வேண்டும். சாத்தனிடமும் ஓர் ஆள் வந்து காதில் ஓதினான். "நிலா இருந்துச்சுன்னு சொல்லிடு. இல்லேன்னா நீ பந்தம் பிடிச்சது குத்தமாயிடும். உளி, மரம் அறுக்கிற வாள், இழைப்புளி எல்லாத்தையும் பிடுங்கிடுவாங்க. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு அப்புறம் எப்படிப் பொழைப்பே?"

சபை கூடியது. மங்காயி கோலை ஊன்றி நின்றாள். அவள் உடம்பெல்லாம் கொதித்தது. ஊரைவிட்டுப் போகச் சொன்னால் போய்விடலாம். ஆனால் பூவாளின் சாவுக்குப் பொய்க் காரணம் சொல்லி மூடிவிட்டால், அடுத்த மாதம் இன்னொருத்தி இதே இருட்டில் சாவாளே. அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மூணு பேரை நான் கேக்கணும், மகராசா" என்றாள். அரசன் தலையசைத்தான்.

முதலில் காவலனைக் கேட்டாள். "கூத்தா, நீ பொறந்து அழாம கெடந்தப்ப முதுகுல தட்டி அழவெச்சவ நான். சொல்லு. அன்னிக்கு நாங்க வந்த நேரத்துல வானத்துல நிலா இருந்துச்சா?"

கூத்தன் தரையைப் பார்த்தான். "ஆணைப்படி இருந்துச்சு" என்றான்.

அடுத்து அரண்மனைச் சோதிடரைக் கேட்டாள். "சாமி, அன்னிக்கு நிலா எப்ப மறைஞ்சுது?"

சோதிடர் தொண்டையைச் செருமினார். "அன்று வளர்பிறைத் திருதியை. வளர்பிறையில் நிலா உண்டு."

"எப்ப மறைஞ்சுதுன்னு கேட்டேன்."

"அதைச் சொல்லும்படி எனக்கு ஆணை இல்லை" என்றார் சோதிடர். அமைச்சர் திருப்தியாகப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையைக் கண்டு மங்காயிக்குக் கோலால் ஒன்று போடலாம் போல இருந்தது. எனக்கும்தான்.

மூன்றாவதாகச் சாத்தன். குழந்தையை மார்போடு அணைத்தபடி ஓரமாக நின்றான். அவனிடம் மங்காயி கோபப்படவில்லை.

"சாத்தா, என்னைக் கூப்பிட ஓடிவந்தப்ப உன் கையில என்னய்யா இருந்துச்சு?"

சாத்தன் குழந்தையைப் பார்த்தான். அவனுக்கு உளி ஞாபகம் வந்தது, வாள் ஞாபகம் வந்தது, நாளைய சோறு ஞாபகம் வந்தது. குழந்தை பசித்து அவன் சட்டையில்லாத மார்பில் வாயை வைத்துத் தேடியது.

"பந்தம்" என்றான்.

"எதுக்கு?"

"இருட்டா இருந்துச்சு ஆத்தா. அணைக்கச் சொன்னாங்க, பயந்து அணைச்சுட்டேன். நான் அணைக்காம இருந்திருந்தா பூவா இன்னிக்கு இருப்பா. உளி, வாள் எதை வேணும்னாலும் எடுத்துக்கிட்டுப் போகட்டும். உங்கம்மா நிலா வெளிச்சத்துல செத்தான்னு இந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லமாட்டேன்."

சபையின் பின்வரிசையிலிருந்து ஒருவர், "இருட்டுத்தான்" என்றார். இன்னொருவர், "ஆமா, கும்மிருட்டு" என்றார். அப்புறம் யார் யார் சொன்னார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை.

அமைச்சர் எழுந்தார். "ஆணையை மீறியதை இவனே ஒப்புக்கொண்டான். கருவிகளைப் பறிமுதல் செய்யுங்கள்" என்றார்.

மங்காயி அவர் பக்கம் திரும்பவே இல்லை. நொண்டிக்கொண்டே அரசனுக்கு எதிரே போய் நின்றாள். "மூணு பேர்னு சொன்னேன். நாலாவதா உங்களையும் கேட்டுடறேன், மகராசா. அன்னிக்கு ராத்திரி உங்க அரண்மனையில விளக்கு எரிஞ்சுதா?"

அரசன் அமைச்சரைப் பார்த்தான். பிறகு, "எரிந்தது" என்றான்.

"எதுக்கு ஏத்தினாங்க?"

"இருட்டாக இருந்தது" என்றான் அரசன்.

அன்று மாலையே ஆணை ரத்தானது, மங்காயிமேல் போட்ட வழக்கும் தள்ளுபடியானது. பிறையைப் பார்த்து அல்ல, வானத்தைப் பார்த்து விளக்கேற்றச் சொன்னார்கள். வெண்காடரின் பதவி போயிற்று. சாத்தனின் உளியும் வாளும் அவனிடமே இருந்தன. அரசன் மங்காயியை அழைத்து, "என்ன வேண்டும், கேள். தருகிறேன்" என்றான்.

"பூவாளைக் குடுங்க" என்றாள் மங்காயி.

அரசன் தலைகுனிந்தான். அவள் வணங்காமல் கோலை ஊன்றி வெளியே நடந்தாள்.

ஆகவே, இருட்டு என்று தெரிந்தும் பயத்தால் அதை வெளிச்சம் என்று சொல்கிற ஒவ்வொருவருக்கும், அந்த இருட்டில் விழுந்து சாகிறவர்களின் பழியில் பங்கு உண்டு.