இருபத்துமூன்றாம் வளைவுக்கு மேலே

“மாஸ்டர், எனக்கு இந்த பயம் போகணும்” என்றார் பொன்னுரங்கம்.

நாகவேணி ஒரு இரும்பு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பிடித்திருந்த கருப்புக் கண்ணாடியைத் தாழ்த்தி அவரைப் பார்த்தாள்.

“எந்த பயம்?”

“இறக்கத்துப் பயம்.”

“அது போய்ட்டா அப்புறம் யாரு ஓட்டுறது?”

கண்ணாடி மறுபடி மேலே போனது. பொறி பறந்தது. பொன்னுரங்கம் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. அவளுக்கு முப்பத்திரண்டு. மாஸ்டர் என்று கூப்பிடுவதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. கருமலைப் பந்தயத்தை ஆறு முறை ஜெயித்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

கருமலைப் பந்தயம் தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு நடக்கும். பழைய இரும்பு ரேஸ் சைக்கிள்களுக்கு மட்டும். ஹேண்டில்பார் கிடாக்கொம்பு மாதிரி வளைந்திருக்க வேண்டும். ரிம் நிக்கல் பூசினதாக இருக்க வேண்டும். நாற்பது வயதுக்குக் குறைந்த சைக்கிளைச் சேர்க்க மாட்டார்கள். ஓட்டுகிற ஆளுக்கு வயதுக் கணக்கு கிடையாது.

அடிவாரத்தில் கிளம்பி, முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு ஏறி, மேலே செக்போஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு, அதே வழியில் இறங்க வேண்டும்.

மழைக்காகப் பந்தயத்தைத் தள்ளிவைத்த வழக்கம் இல்லை. அந்த மாதத்தில் மழை இல்லாமல் இருந்த வழக்கமும் இல்லை. ஒரு வருஷம் புயலில் ஒன்பது பேர் கிளம்பினார்கள். ஒன்பது பேரும் திரும்பி வந்தார்கள். ஒருவர் மட்டும் சைக்கிள் இல்லாமல் வந்தார்.

பொன்னுரங்கம் மின்வாரியத்தில் லைன்மேன். ஏற்றத்தில் அவர் பக்கத்தில் யாரும் வர முடியாது. இறக்கத்தில் அவர் யார் பக்கத்திலும் வர மாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இருபத்துமூன்றாம் வளைவில் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதற்கப்புறம் இரண்டு வருஷமும் செக்போஸ்ட்டை முதலில் சுற்றினார். இருபத்துமூன்று வந்ததும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே அடிவாரம் வந்தார்.

டீக்கடையில் ஜாபர் கேட்பான்: “கம்பத்துல குரங்கு மாதிரி ஏறுறீங்களே அண்ணா, இறங்குறப்ப எப்படி? ஆபீஸ்ல இருந்து யாராச்சும் வந்து தூக்கிக்கிட்டுப் போவாங்களா?”

ஜாபருக்குக் கறிக்கடை. பந்தயத்தில் எப்போதும் இரண்டாவது, மூன்றாவது வருகிறவன்.

இந்த வருஷம் பந்தயச் சங்கத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது தடவையும் நடந்து இறங்கினால் அவருடைய நம்பர் வேறு ஆளுக்குப் போகும். காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவருடைய நம்பர் பதினாலு. பத்தொன்பது வருஷமாகத் தகரத்தில் எழுதி சைக்கிளில் தொங்குகிறது. ஊரில் பாதிப் பேருக்குப் பொன்னுரங்கம் என்றால் யாரென்று தெரியாது. பதினாலு என்றால் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி பட்டறைக்கு வந்தார்.

“சைக்கிளை உள்ள கொண்டாங்க” என்றாள் நாகவேணி.

கொண்டுவந்தார். அவள் அதைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள்.

“முன் வீலைச் சுத்துங்க.”

சுற்றினார். ஒரு மக் தண்ணீரை எடுத்து ரிம்மில் ஊற்றினாள்.

“பிரேக் பிடிங்க.”

பிடித்தார். வீல் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடியது. பிறகு ஒரே வெட்டில் நின்றது.

“எத்தன சுத்து?”

“நாலு சுத்து சும்மா போச்சு. அஞ்சாவதுல கவ்விடுச்சு.”

“ஏன்?”

“நிக்கல் ரிம் இல்லீங்களா, தண்ணி நிக்குது. பிரேக் கட்டை அதை வழிச்சு எடுத்தாத்தான் பிடிக்கும். மாஸ்டர், இது எனக்குப் பத்தொம்பது வருஷமாத் தெரியும்.”

“அப்ப சரி. போய்ட்டு வாங்க.”

“அவ்வளவுதானா?”

“தெரியும்னு சொல்லிட்டீங்களே.”

அவள் சாமான்களை எடுத்துவைக்க ஆரம்பித்தாள். பொன்னுரங்கம் சைக்கிளைக் கொக்கியிலிருந்து தானே இறக்கிக்கொண்டு போனார். வழியெல்லாம் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். அவளே அவர் வீட்டு வாசலில் வந்து மணி அடித்தாள்.

“நீங்க விழுந்த இடத்தைக் காட்டுங்க.”

இரண்டு பேரும் ஏறினார்கள். இருபத்துமூன்றாம் வளைவில் மஞ்சள் பலகைக்குக் கீழே சைக்கிளைச் சாத்தினார்கள்.

“இங்கதான்” என்றார் பொன்னுரங்கம். “இந்தச் சுவர்லதான் தோள் இடிச்சுது. ரத்தம் இந்த ஓரமா ஓடிச்சு.”

நாகவேணி சுவரைப் பார்க்கவில்லை. ரோட்டில் மேல்நோக்கி நடக்க ஆரம்பித்தாள். வளைவை விட்டு, நேர் ரோட்டில், நூறு அடி, நூற்றைம்பது அடி. அங்கே ஒரு மின்கம்பம் இருந்தது. பொன்னுரங்கம் முன்னே நின்று நட்ட கம்பம்தான். அதன் பக்கத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

“அண்ணா, நீங்க விழுந்தது இங்க.”

“இல்ல மாஸ்டர். இங்க, இங்க.” அவர் சுவரைத் தட்டிக் காட்டினார்.

“ரத்தம் அங்க. விழுந்தது இங்க.”

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. எலும்பு முறிந்தவனுக்குத் தெரியாதா, எங்கே முறிந்ததென்று?

“இதுல ஏதாச்சும் தத்துவம் இருக்குதுங்களா?”

“இல்லீங்க. கம்பம்தான் இருக்குது.”

மூன்று நாள் அவர் பட்டறைப் பக்கம் போகவில்லை. வேலைக்குப் போனார். கம்பத்தில் ஏறினார், இறங்கினார். கம்பத்துகிட்ட எப்படி விழ முடியும்? அங்கே ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. அது ஒன்றுதான் அவர் மூச்சு வாங்குகிற இடம். பிரேக்கை விட்டு, கையை உதறி, நாலு பெடல் கூட மிதித்து, விட்ட நேரத்தைப் பிடிக்கிற இடம்.

புதன்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. போன் வந்தது.

“மழை வந்துடுச்சு. கிளம்புங்க.”

செக்போஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். மலை தெரியவில்லை. பத்தடி ரோடு மட்டும் தெரிந்தது.

“என் பின்னாலயே வாங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

இறங்கினார்கள்.

கிளம்பினதுமே அவருக்கு ஒரு சத்தம் கேட்டது. அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுகிற மாதிரி, விடாமல். அவளுடைய சைக்கிளில் இருந்துதான்.

“மாஸ்டர்! கட்டை உரசுது!” என்று கத்தினார்.

“ஆமா!” என்று அவளும் கத்தினாள்.

வளைவு வந்தது. சத்தம் நின்றது. அவள் தண்ணீர் மாதிரி வழிந்து வளைந்து போனாள். அவருடைய கை பிரேக்கை இறுக்கியது. சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி எப்படியோ திரும்பியது. அடுத்த நேர் ரோடு. மறுபடி அந்தச் சுரண்டல்.

நாலு வளைவுக்கு அப்புறம் அவர் சைக்கிளைப் பார்ப்பதை விட்டு அவளைப் பார்த்தார். நேர் ரோட்டில் அவள் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தது. நாய் துரத்தி ஓடுகிறவளின் முதுகு மாதிரி இருந்தது அந்த முதுகு. முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. வளைவு நெருங்க நெருங்கத் தோள் இறங்கியது. வளைவில் அது யாரோ வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறவளின் முதுகு.

இருபத்துமூன்றில் பொன்னுரங்கம் இறங்கிவிட்டார். அவள் நிற்கவில்லை.

நடந்து அடிவாரம் வந்துசேர ஒரு மணி நேரம் ஆனது. நாகவேணி பட்டறைக் கூரைக்கு அடியில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

“இறங்கிட்டேன், மாஸ்டர்.”

“தெரியும்.”

“நீங்க நேர் ரோட்டுலயே பிரேக் பிடிச்சுத் தண்ணிய வழிச்சுடுறீங்க.”

“ம்.”

“ஊர்ல உங்க சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாதுன்னு பேசிக்கிறாங்க.”

“அவங்க எல்லாம் வளைவுல நின்னு வேடிக்கை பாக்குறவங்க.”

பொன்னுரங்கம் சட்டையைப் பிழிந்தார். கேட்கலாமா என்று யோசித்தார். கேட்டுவிட்டார்.

“உங்களுக்குப் பயமா இருக்குமா?”

“கம்பத்தைப் பாத்தா வயித்தக் கலக்கும்” என்றாள். துண்டை உதறிக் கொடியில் போட்டாள். “டீ சொல்லவா?”

பந்தயத்தன்று விடியும்போதே மழை. முப்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். சைக்கிள் சீட் நனையக் கூடாதென்று எல்லாரும் பாலிதீன் பை கட்டியிருந்தார்கள். ஜாபர் தலையிலும் ஒன்று கட்டியிருந்தான்.

“அண்ணா, நடக்கறதுக்கு நல்ல செருப்பா கொண்டாந்தீங்களா? போன வருஷம் பாவம், வெறுங்கால்.”

“நீ ஏறி வந்து சேரு. அப்புறம் பேசு” என்றார் பொன்னுரங்கம்.

விசில் ஊதினார்கள்.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. செக்போஸ்ட்டை முதலில் சுற்றியது பதினாலு. குடைகளுக்கு அடியில் கைதட்டினார்கள். அடுத்த ஆள் வர இன்னும் இரண்டு வளைவு இருந்தது.

முதல் நேர் ரோடு. கை வழக்கம்போல பிரேக்கை விட்டது. கம்பம் ஒன்றும் இல்லாத ரோடுதான். ஆனாலும் பயம் வந்தது. வலுக்கட்டாயமாகக் கையைத் திரும்பக் கொண்டுபோய் பிரேக்கின் மேல் வைத்தார். லேசாக அழுத்தினார். ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரு சுற்று. இரண்டு. வீல் தன்பாட்டுக்கு ஓடியது. காலியான ரோட்டில், விழ ஒரு காரணமும் இல்லாத இடத்தில், அவர் உடம்பெல்லாம் நடுங்கியது. மூன்று. நாலு. சுரண்டல் கேட்டது. கட்டை பிடித்தது.

அடுத்த நேர் ரோடு. மறுபடி முதலிலிருந்து. ரிம் முழுக்கத் தண்ணீர், வயிறு முழுக்கப் பயம்.

அடுத்தது. பின்னால் டயர் சத்தம். நாகவேணி கடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய தோள் காது வரைக்கும் ஏறியிருந்தது.

அடுத்தது. ஜாபர்.

“என்னண்ணா, நேர் ரோட்லயே பிரேக்கா? இங்க என்ன இருக்குது?”

பொன்னுரங்கம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஜாபர் பிரேக்கை விட்டுவிட்டுப் பறந்தான்.

பிறகு அந்த நீளமான நேர் ரோடு. ஓரத்தில் அவர் நட்ட கம்பம் மழையில் கருப்பாக நின்றது. மூன்று வருஷத்துப் பயம் மொத்தமும் அதற்குப் பக்கத்தில் அவருக்காக நின்றது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. “ஐயோ” என்பதாகத்தான் இருக்கும். இரண்டு பிரேக்கும் சேர்ந்து சுரண்டின. முகத்தில் மழை சாட்டை மாதிரி அடித்தது. அவர் சத்தமாக, குழந்தை மாதிரி, கத்திக்கொண்டே கம்பத்தைக் கடந்தார்.

அடுத்த நேர் ரோட்டில் ஜாபர் சேறாகி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். சைக்கிள் அவன் மடியில் கிடந்தது.

“அடியா?” என்று கத்தினார்.

“முட்டிதான்! போங்க, போங்க!”

போனார். பிரேக்கில் கை, கூடவே அதே பயம். அதற்கடுத்த நேர் ரோட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

அடிவாரத்தில் முடிவுக் கோட்டுப் பக்கத்தில் மேஜை போட்டு, குடை பிடித்து, சங்கத்துக்காரர் எழுதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பதினாலு” என்று உரக்கப் படித்தார். “அஞ்சாவது.”

யாரோ விசிலடித்தார்கள். பொன்னுரங்கத்துக்குக் காலை மண்ணில் ஊன்றத் தெரியவில்லை. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். கை விரல்கள் மடங்கினது மடங்கினபடியே இருந்தன.

நாகவேணி டீக்கடைத் தட்டிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கிளாஸை அவரிடம் நீட்டினாள். வாங்கினார். பாதி டீ தரையில் சிந்தியது.

“பயம் போகல, மாஸ்டர்.”

“எங்க வந்துச்சு?”

“எல்லா நேர் ரோட்டுலயும். ஒண்ணு விடாம.”

“வளைவுல?”

பொன்னுரங்கம் சொல்ல வாயைத் திறந்தார். மலையைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தாறு வளைவு. ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.